பாபிலோனியர் வணங்கியது விண்மீனையோ? ஒரு மறுப்பு

தைகிரிசு, யூப்பிரத்தீசு என்னும் இருபேரியாறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில், இற்றைக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நகரமைத்துக் கோயிலெடுத்துக் களிமண் பலகையில் ஆப்பு வடிவாய எழுத்துப் பொறித்து வாழ்ந்தோர் சுமேரியர். அவர்தம் எழுத்தையும் வழிபாட்டையும் ஏற்றுப் பேணினோர் பாபிலோனியரும் அசீரியரும் ஆவர். அவர்தம் மொழி மாய்ந்தது, கோயில்கள் மண்மேடாயின, தம்மைப் பிறர் பழிக்குமிடத்து விடைகூற அவருள் ஒருவரும் இன்றில்லை. மாண்டோர் வாய்திறவார் என்னும் துணிவினாற்போலும், அவர் வானத்து மீன்களையே தெய்வமென மயங்கி வணங்கிய பேதையர் என்றும், அவர்தம் தெய்வக்கதை அனைத்தும் விண்மீன் இயக்கத்தின் கட்டுரையே என்றும் சிலர் கூசாது கூறியும் எழுதியும் வருகின்றனர். அக்கூற்று, அம்மக்கள் தாமே பொறித்து வைத்துச் சென்ற எழுத்திற்கு முழுதும் முரணாவதென்பது ஈண்டுக் காட்டப்படும்.

இக்கொள்கை இன்று நேற்றுப் பிறந்ததன்று. பிரெஞ்சு நாட்டுத் துப்புயி என்பார் 1795ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலொன்றில், உலகத்துச் சமயம் எல்லாவற்றிற்கும் மூலம் ஞாயிறு திங்கள் விண்மீன்களின் இயக்கமே என்று நாட்டப் புகுந்தார். அப்பொழுது ஆப்பெழுத்தைப் படிக்கவல்லார் ஒருவரும் இலர். பின்னர் அவ்வெழுத்துப் படிக்கப்பட்டு, நினிவே முதலிய நகரங்களின் ஏட்டறைகள் வெளிப்பட்டபோது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய நாட்டு வின்க்லர், எரேமியாசு என்னும் அறிஞர் அப்பழங்கொள்கையைப் புத்துடை உடுத்தி உலவவிட்டனர். இவர்தம் கொள்கைக்குச் சர்வபாபிலோனியவாதம் என்று பெயர். பாபிலோனியர் தெய்வம் யாவும் விண்மீன். அவர் கதை யாவும் வானநூல். ஏனை நாட்டார் கதை யாவும் அதன் படி என்பது இவர் துணிபு.

இவ்வாதிகள் தம் மேற்கோளை நிறுவுதற்குக் காட்டும் ஏதுக்கள் நான்கு. தெய்வம் என்னும் பொருட்குரிய எழுத்து விண்மீன் வடிவினதாதல் ஒன்று. ஞாயிறு, திங்கள், வெள்ளி என்பன ஷமாஷ், சின், இஷ்தார் என்னும் தெய்வப்பெயரால் வழங்கப்படுதல் இரண்டு. விண்மீன் பட்டியல்களில் மீன்றோறும் ஒரு தெய்வப்பெயர் சார்த்தப்படுதல் மூன்று. விண்மீன்களை முன்னிலைப்படுத்தி வேண்டும் இரவு வழிபாட்டுரைகள் காணப்படுதல் நான்கு. இவற்றை முறையே ஆராய்வாம் என்று புகுவார்க்கு இவை நான்கும் நான்கு தூண் போலத் தோன்றும். அணுகித் தட்டின் மண்ணாய் உதிரும்.

முதலாவது ஏதுவை நோக்குக. சுமேரியர் எழுத்தில் விண்மீன் வடிவாய குறியொன்று உண்டு. அஃது 'அன்' எனப் படிக்கப்படுமிடத்து வானத்தையும், 'திங்கிர்' எனப் படிக்கப்படுமிடத்துத் தெய்வத்தையும் உணர்த்தும். இதனை அவர் மறுக்கவேண்டுவதில்லை, எவரும் மறுத்திலர். ஆயின் விண்மீன் என்னும் பொருளை உணர்த்த அவ்வெழுத்தாளர் எடுத்துக்கொண்ட குறி வேறு. அது 'முல்' என்பது; மேற்கூறிய வடிவம் மூன்று ஒருங்கு கூடியது. தெய்வப் பெயரை எழுதுமிடத்து அதன்முன் திங்கிர்க் குறியையும், விண்மீன் பெயரை எழுதுமிடத்து அதன்முன் முல் என்னும் குறியையும் இடுதல் அவர்தம் பெருவழக்கு. இரண்டும் ஒன்றே என்று கருதினார், இரண்டு குறி வகுத்துக்கொண்டது எற்றுக்கு? அன்றியும், செங்கற்றொழிற்குரிய குல்லா, மதுவடித்தற்குரிய நின்காசி என்னும் தெய்வங்களின் பெயர்க்கு முன்னும் திங்கிர்க் குறி உண்டு. அக்கேடிய மன்னன் நராம்-சின் தன்னைத் தெய்வமென வழங்கச் செய்தபோது அவன் பெயர்க்கு முன்னும் அக்குறி இடப்பட்டது. குறி விண்மீன் வடிவாயிருத்தல் பற்றிப் பொருளும் விண்மீன் என்று கொள்ளின், அம்மன்னனும் விண்மீனாய் அரசாண்டான் என்று கொள்ளல் வேண்டும். ஆகலின் முதலாவது ஏது போலி என்க.

இரண்டாவது ஏது அத்துணை எளிதில் தள்ளற்பாலதன்று. ஷமாஷ் என்னும் சொல் ஞாயிற்றுக்கும் அதன் தெய்வத்துக்கும் பொதுவாய் நின்றது உண்மை. இனன்னா என்னும் பெருமாட்டி காலைவெள்ளி மாலைவெள்ளியொடு தொடர்புற்றமை மிகப் பழையதென்பதும் உண்மை. உண்மையை உண்மையென ஒப்புதல் வாதநெறிக்கு இழுக்கன்று. ஆயின், ஒளிமண்டிலத்தொடு தொடர்புடைமை வேறு. அம்மண்டிலமே ஆதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்துணர்த்துதற்கு நூலுரை ஆயிரம் வேண்டா. சிப்பார் நகரத்துக் கற்பலகை ஒன்றே சாலும்.

சிப்பார் என்பது ஷமாஷுக்குரிய பழம்பதி. அந்நகரத்தில் ஓர்முசுத் இரசாம் என்பார் 1881ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்த அக்கற்பலகை இப்பொழுது இலண்டன் மாநகரத்துப் பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட நபு-அப்ல-இத்தினா என்னும் மன்னன் அதனைப் பொறிப்பித்தான். அது கூறும் வரலாறு இது. பகைவராய சூத்தியர் படையெடுப்பில் ஷமாஷின் திருவுருவம் அழிந்தது. பின்வந்த மன்னன் ஒருவன் தேடியும் அவ்வுருவத்தின் அமைதி கிட்டிற்றில்லை. ஆதலின் ஞாயிற்று வட்டமொன்றை அதற்கீடாக நிறுத்தி வழிபாடு நடத்துவித்தான். நெடுங்காலங் கழித்து, பழைய உருவத்தின் அமைதியைக் காட்டும் சுடுமண் படிவம் ஒன்று யூப்பிரத்தீசின் மேல்கரையிற் கிடைத்தது. நபு-அப்ல-இத்தினா மகிழ்ந்து, பொன்னாலும் நீலமணியாலும் அவ்வுருவத்தை மீளச் சமைத்துக் கோயில்வளனும் மீட்டளித்தான்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று வெள்ளிடைமலையாய் விளங்கும். திருவுருவம் அழிந்துகிடந்த அந்நெடுங்காலம் முழுதும், வானத்து ஞாயிறு நாடோறும் தவறாது எழுந்து சிப்பார் நகரத்துக் கூரைமேல் ஒளிபரப்பியே வந்தது. ஞாயிற்று மண்டிலமே தெய்வமாயின், இழந்தது யாது? வருந்தியது எதன்பொருட்டு? ஒரு படிவம் கிடைத்தமைக்கு மன்னன் மகிழ்ந்தது எங்ஙனம்? அப்பலகையின் மேற்புறத்துச் சிற்பமும் இதனையே வலியுறுத்தும். அதில் ஷமாஷ் கோயிலினுள் அரியணைமேல் வீற்றிருப்ப, அவன் முன்னர் ஒரு பீடத்தின்மீது ஞாயிற்று வட்டம் நிறுத்தப்பட்டுளது. தெய்வம் ஓரிடத்தும் அதன் அடையாளம் மற்றோரிடத்துமாக ஒரே கல்லில் வகுத்துக் காட்டிய சிற்பியினும் மிக்க சான்று வேறு யாது வேண்டும்?

மூன்றாவது ஏது விண்மீன் பட்டியல்கள். இவற்றுள் தலைசிறந்தது 'முல்-அபின்' என்னும் தொகுப்பு. கலப்பை மீன் என்று பொருள்படும் இத்தொடர், அதன்கண் முதற்கண் கூறப்படும் மீன்கூட்டத்தின் பெயர். இரண்டு பலகைகளாய் அமைந்த இத்தொகுப்பின் காலங்குறித்த படிகளுள் மிகப்பழையது கி.மு. 686ஆம் ஆண்டினது, தொகுப்போ அதனினும் சில நூற்றாண்டு முற்பட்டது. வானத்தை மூன்று நெறியாக வகுத்து, வடபால் நெறியை என்லிலுக்கும், இடைநெறியை அனுவுக்கும், தென்பால் நெறியை ஏயாவுக்கும் உரித்தாக்கி, என்லில் நெறியில் 33, அனு நெறியில் 23, ஏயா நெறியில் 15 என எழுபத்தொரு பெயரை அது நிரல்படக் கூறும். எழுமீன் என வழங்கும் கூட்டம் 'வண்டி', அது நின்லிலுக்குரியது. அறுமீனாய கார்த்திகை எழுவர் தெய்வங்கட்குரியது. மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய கூட்டம் 'அனுவின் மெய்யாய ஆயன்'. அது பாப்சுக்கல் என்னும் தெய்வத்தூதர்க்குரியது. சீரியசு என்னும் பேரொளி மீன் நினுர்தாவின் அம்பு. சித்திரை நின்ற 'உழுசால்' ஷாலாவின் கதிர். தேள் இஷ்ஹாராவுக்குரியது. அபிஜித்து நின்ற 'பெண்யாடு' மருத்துவத் தெய்வமாகிய குலாவுக்குரியது. பட்டியல் இங்ஙனம் செல்லும்.

இப்பட்டியலைத் தமக்குச் சான்றாகக் காட்டுவார் அதனை முற்றும் படித்திலர் போலும். கலப்பையும் என்லிலுக்குரியது, சோதி நின்ற 'ஷூ-பா'வும் என்லிலுக்குரியது. 'கழனி' ஏயாவின் இருக்கை, 'மீன்' ஏயா, 'பெரியோன்' ஏயா, 'எரிது மீன்' ஏயா. இஷ்தாருக்கு வெள்ளியும் உண்டு, 'வில்'லும் உண்டு. நினுர்தாவுக்கு அம்பும் உண்டு, புதன் என்னும் கோளும் உண்டு. விண்மீனே தெய்வமாயின் என்லில் இருவர், ஏயா நால்வர் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணினார் ஒருவரையும் அவ்வெழுத்துக்களிற் காண்டலரிது. மறுதலையாக, கார்த்திகை ஒரு கூட்டமாகவும் தெய்வம் எழுவராகவும் கூறப்பட்டது. ஒன்று பலவாதலும் பல ஒன்றாதலும், குறிக்கும் குறிக்கப்படும் பொருட்கும் உள்ள இயைபில் அமையும். ஒருபொருளாய ஒற்றுமையில் அமையா. அன்றியும் நினுர்தாவுக்குரியது 'அம்பு' என்றமையின், எய்யப்படும் கருவி எய்வானாதல் யாங்ஙனம்? ஏயாவுக்கு 'இருக்கை' என்றமையின், இருக்கை இருப்பானாதல் யாங்ஙனம்?

காலமும் இவ்வாதிகட்குத் துணைசெய்யாது. சுருப்பாக்கு நகரத்தில் கி.மு. 2600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட பட்டியலில் தெய்வப்பெயர் நூற்றுக்கணக்காக உள. ஏயாவின் வேறுபெயரே என்கி என்பது. அத்தெய்வத்தின் பதியாகிய எரிதுவை 1946 முதல் 1949 வரை அகழ்ந்தபோது, ஒன்றன்மேலொன்றாய்க் கட்டப்பட்ட கோயில்கள் கி.மு. 5000ஆம் ஆண்டை ஒட்டிய காலமளவும் கீழ்நோக்கிச் சென்றன. என்கிக்கு உறையுள் வானன்று. நிலத்தின்கீழ் ஊறும் நன்னீர்ப் பரப்பாகிய அப்சு என்பதே. என்லிலுக்கு உறையுள் நிப்பூர் நகரத்து ஏகூர் என்னும் கோயில். இங்ஙனம் நீரிலும் நிலத்திலும் நகரத்திலும் இருப்புடைய தெய்வங்கட்குப் பின்னர் வானத்திலும் ஓர் அடையாளம் வகுத்தனர் என்பதே முறைமையாம். மகன் பிறந்தபின் பெயரிடுதலன்றிப் பெயரிலிருந்து மகன் பிறத்தல் உலகத்தில் இல்லை.

இதனை உய்த்துணரவும் வேண்டா. பாபிலோனியர் போற்றிய 'எனூமா எலிஷ்' என்னும் ஏழுபலகைப் படைப்புக்காப்பியமே இதனை வெளிப்படக் கூறுகின்றது. அதன் ஐந்தாம் பலகையில், மர்துக் பெருந்தெய்வங்கட்கு வானத்தில் நிலையங்கள் அமைத்தான் என்றும், அவர்தம் சாயலாக விண்மீன்களை நிறுத்தினான் என்றும், ஆண்டினை வரையறுத்துப் பன்னிரு திங்கட்கும் மும்மூன்று மீன் வகுத்தான் என்றும் பொருள்படக் கூறப்பட்டது. சாயல் என்னுஞ் சொல்லே அவர் சொல், பிறர் ஏற்றியதன்று. விண்மீனை நிறுத்துதற்கு முன்னரே தெய்வங்கள் உளராயினர் என்பதும், நிறுத்தப்பட்டது படிமையே என்பதும் இதனால் இனிது பெறப்படும்.

நான்காவது ஏது இரவு வழிபாட்டுரை. பழைய பாபிலோனியர் காலத்து உரையொன்று, இரவின் தெய்வங்காள் என விளித்து, வில், நுகம், வண்டி, பெண்யாடு முதலிய மீன்களை நின்று அருளுமாறும், குறிபார்த்தற்கிட்ட ஆட்டுக்குட்டியில் மெய்யை வைக்குமாறும் வேண்டுகின்றது. இதனைப் பெரிதும் பாராட்டுவார், அதன் முற்பகுதியை மறைத்து விடுவர். நகரம் துயின்றது, வாயில்கள் அடைபட்டன, ஷமாஷும் இஷ்தாரும் உள்ளிட்ட பெருந்தெய்வங்கள் வானத்துள் ஒடுங்கினர், இனி முறைசெய்வார் இலர் என்பதன்றோ அதன் தொடக்கம்? பெருந்தெய்வம் ஒடுங்கியபோழ்தும் விண்மீன் விழித்து நிற்கின்றது. ஒடுங்கியது வேறு, நிற்பது வேறு என்று உணர்ந்தாரே இவ்வாறு வேண்டவல்லார். விண்மீன்களும் தெய்வநிலையில் வைத்து வேண்டப்பட்டன என்பது வரையும் உடன்பாடே. தெய்வமெல்லாம் விண்மீனே என்பதற்கு இவ்வுரை சான்றாகாது. மறுதலைச் சான்றே ஆகும்.

இனி, விண்மீனை ஊழாகக் கருதி அதற்கு அஞ்சி நடுங்கினர் என்பாரும் உளர். எழுபது பலகையளவினதாகிய 'எனூமா அனு என்லில்' என்னும் வான்குறிநூலை அவர் கையிலெடுப்பர். அந்நூல் பிறையின் தோற்றம், கிரகணம், கோட்செலவு முதலியவற்றைக் கூறி, இன்னது தோன்றின் இன்னது நிகழும் என்னும். ஆயின் அக்குறிகளைக் கண்டு அசீரிய வேந்தன் எசர்கத்தோனுக்கு (கி.மு. 681–669) அவைப்புலவர் எழுதிய முடங்கல்களில், தீக்குறி தோன்றியவழிச் செய்தற்குரிய கழுவாயும் உடன் கூறப்படும். 'நம்புர்பி' என்பது அக்கழுவாய்ச் சடங்கின் பெயர். தெய்வத்தை வேண்டித் தீக்குறியின் பயனை நீக்குதல் அதன் நோக்கம். விண்மீனே வினைமுதலாயின் வேண்டுதலால் அது மாறுவதெங்ஙனம்? மன்னன் விடுத்த ஓலையை வாசித்தான் ஒருவன், ஓலையை அஞ்சாது மன்னனிடத்தே முறையிடுதல் போல்வது இது. அவர் விண்மீன் கூட்டங்களை 'வானெழுத்து' என்று வழங்கியதும் இக்கருத்தேபற்றி. எழுத்தை எழுதியோன் என்று மயங்குவான் எழுத்தறியாதானே.

வின்க்லர் வழியினர், விடுபமாகிய இடபத்தில் வேனில் விடுவு நின்ற பழங்காலத்தையும் பிற காலத்தையும் பாபிலோனியர் அறிந்து கதை புனைந்தனர் என்று காலக்கணக்குங் காட்டினர். இதனைத் தகர்த்தவர் வேறு கொள்கையர் அல்லர். ஆப்பெழுத்து வானநூற் பலகைகளைத் தாமே கணித்துணர்ந்த கூக்லர் என்னும் செருமானியத் துறவியார். 1910ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் மறுப்புநூல், பாபிலோனியரின் நுண்கணித வானநூல் கி.மு. முதலாயிரத்தாண்டில் வளர்ந்ததென்றும், விடுவு பின்னடையும் இயக்கத்தை அத்துணைப் பழங்காலத்தார் அறிந்தனர் என்பதற்குச் சான்றில்லை என்றும் காட்டிற்று. வான்வட்டத்தைச் சமமாய பன்னிரு பகுதியாக வகுத்ததும் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயாம். தூண் சாய்ந்தபின் மண்டபம் நிற்பதில்லை; வின்க்லர் 1913ஆம் ஆண்டில் மறைந்தபின் அவர் கொள்கையும் அறிஞர் அவையில் ஒளிமழுங்கிற்று.

ஆயினும் பொய்க்கு மறுபிறப்பு மிகுதி. 1976ஆம் ஆண்டில் சிட்சின் என்பார் எழுதிய நூல், தெய்வங்களை விண்மீன் என்பதும் விடுத்து, வேறு கோளிலிருந்து இழிந்துவந்த மாக்கள் என்றே கூறிற்று. நிபிரு என்னும் கோள் 3600 ஆண்டிற்கொருமுறை அணுகும் என்பது அவர் புனைந்துரை. முல்-அபின் தொகுப்போ நிபிரு என்பதை மர்துக்கின் மீன் என்று கூறி வியாழனொடு இயைக்கின்றது. பெர்லின் நகரத்து முத்திரையொன்றில் பன்னிரு கோள் உளவென்றார். அதிற் பொறித்த எழுத்து ஆட்பெயர் கூறுவதன்றிக் கோளொன்றும் கூறவில்லை. 2003ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் அக்கோள் வந்து உலகை அழிக்குமென்று இப்புனைவைப்பற்றி நின்று பிறர் அச்சுறுத்தினர். இரண்டாண்டும் கழிந்தன, உலகம் நிற்கின்றது, புனைந்துரை மட்டும் இன்னும் விலைபோகின்றது.

தமிழ்மக்கட்கு இப்பொருளொடு மெய்யாய தொடர்பு ஒன்று உண்டு. அதுவும் இவ்வாதத்தை முடித்தற்கு உதவும். பஞ்சாங்கத்துப் பன்னிரு இராசி, பாபிலோனியர் வகுத்துக் கிரேக்கர் கைக்கொண்டு அவர்வழியாக இந்நாடு போந்தது. அவர்தம் 'கூலியாள்' கிரேக்கரிடத்து ஆடாகி மேடமாயிற்று, 'உழுசால்' கன்னியாயிற்று, யாட்டுத்தலை மீன் மகரமாயிற்று, தேளும் துலாமும் அவ்வாறே நின்றன. உருவம் வந்தது, தெய்வம் வந்ததோ? விருச்சிகத்தை எண்ணுவார் ஒருவரும் இஷ்ஹாராவை எண்ணுகின்றிலர். மேடத்தை எண்ணுவார் துமுசியை எண்ணுகின்றிலர். அதே வெள்ளி அவர்க்கு இஷ்தார் என்னும் பெண்தெய்வத்தின் ஒளி. இந்நாட்டார்க்குச் சுக்கிரன் என்னும் ஆசிரியன். மீன் ஒன்றே, அதன்கண் மக்கள் கண்ட தெய்வம் வேறு. விண்மீனே தெய்வமாயின், மீன் சென்றவிடமெல்லாம் தெய்வமும் உடன்சென்றிருத்தல் வேண்டுமன்றோ?

மாண்டுபோன மக்களைப் பற்றி இத்துணை வழக்காடுதல் வீண்முயற்சி என்று சிலர் நகைக்கலாம். அற்றன்று. அடையாளத்தை அடையாளமென்றறிந்து வழிபட்டார் ஒருவரை, அடையாளத்தையே பொருளென மயங்கினார் என்று கூறும் இவ்வழக்கு, பாபிலோனியர் அளவில் நில்லாது. இன்று அவர்க்கு மீன்வணங்கி என்று பெயரிட்ட வாய், திருவுருவம் வைத்து வழிபடும் எவர்க்கும் நாளை கல்வணங்கி என்று பெயரிடும், இட்டும் இருக்கின்றது. உயிரோடிருப்பார் தம் வாயால் மறுப்பர். அவ்வாய்ப்பு இல்லாதார்க்கு, அவர் சுட்ட களிமண்ணே நாவாக உளது. அந்நாவின் சொல்லைக் கேளாது தம் சொல்லை அதன்மேல் ஏற்றுதல், கற்றார்க்கு அழகன்று, அறமும் அன்று.

ஆகவே, குறி வேறு குறிக்கப்படும் பொருள் வேறென்பதை அம்மக்கள் எழுத்தாலும் சிற்பத்தாலும் காப்பியத்தாலும் சடங்காலும் உணர்த்தினர் என்பதும், அவரை விண்மீன்வணங்கிகள் என்பார் கூற்று ஒருபுடை ஒப்புமை பற்றி எழுந்த போலியுரையே என்பதும் நாட்டப்பட்டன. நடுவுநிலை பிறழாதார் ஆராய்ந்து கொள்க.